தவிட்டுக்குப் போன நதியா

அந்த விண்ணப்பத்தில் பதினான்கு கட்டங்கள் இருந்தன. பதின்மூன்றைப் பத்து நிமிடத்தில் நிரப்பிவிட்டேன். ‘தாயின் பெயர்’ என்ற ஒரே ஒரு கட்டத்துக்கு நாலு மாதம் ஆயிற்று. வெள்ளையம்மாள் எப்படிப்பட்டவள் என்று யாராவது கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். நாலு மாதம் என் உயிரை வாங்கிவிட்டாள்.

நான் சரிதா. சிறப்புக் குழந்தைகளுக்கான ஆசிரியை, ஒப்பந்த வேலை. சொந்த ஊர் போளூர் பக்கம். பதினோரு வருஷமாக ஜவ்வாது மலையில் ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூடத்துக்கு வர முடியாத பிள்ளைகளுக்கு அவர்கள் வீட்டிலேயே பாடம் சொல்லித் தருகிறேன். பாடம் என்றால் கணக்கும் அறிவியலும் இல்லை. பல் தேய்ப்பது, பொத்தான் போடுவது, தட்டில் இருப்பதைச் சிந்தாமல் சாப்பிடுவது, கக்கூசுக்குப் போக வேண்டும் என்று கையைக் காட்டிச் சொல்வது. இந்த மலையில் ஏறி இறங்கி என் முழங்கால் இரண்டும் போய்விட்டன. பொறுமை அதற்கு முன்பே போய்விட்டது.

வெள்ளையம்மாளின் ஊருக்கு ஜமுனாமரத்தூரிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம். ஒரு நாளைக்கு ஒரு பஸ் வரும், மழை இல்லாவிட்டால். அவளுக்கு முப்பத்தெட்டு, நாற்பது வயது இருக்கும். கணவன் சந்திரன் குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போனவன், வருஷத்துக்கு இரண்டு முறை வந்து தலையைக் காட்டுவான். ஒன்றரை ஏக்கர் சாமைக்காடு, நாலு புளியமரம், பதின்மூன்று வயதில் ஐந்து வயதுக் குழந்தையின் புத்தியோடு ஒரு பெண். எல்லாவற்றையும் இவள் ஒருத்திதான் பார்த்துக்கொண்டாள். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். எதைச் சொன்னாலும் “சரிங்க டீச்சர்” என்பாள். அந்தச் ‘சரிங்க’வை நம்பி மோசம் போனவள் நான்.

அந்தப் பெண்தான் நதியா. முதல் வருஷம் அவளுக்குப் படம் போட்ட அட்டைகளைக் காட்டிச் சொல் பழக்கினேன். மாடு, கோழி, தண்ணீர், அம்மா. ஆறு மாதம் கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஒரு நாள் அம்மா அட்டையைக் காட்டி, “அம்மா எங்க, நதியா?” என்று கேட்டேன். விரலை நேராக வெள்ளையம்மாள் பக்கம் நீட்டினாள். எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. வெள்ளையம்மாள் எழுந்து வந்தாள். மகளின் விரலைப் பிடித்து, வாசலுக்கு வெளியே, எதிர்ச் சாரியில் நாலாவது வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டாள்.

“அம்மா அங்க கீது,” என்றாள்.

அந்த நாலாவது வீடு மங்கம்மாளுடையது. சந்திரனின் பெரியப்பா மகன் சக்கரவர்த்தியின் மனைவி, வெள்ளையம்மாளுக்கு ஓரகத்தி முறை. அறுபதை நெருங்கியவள், ஐந்து பிள்ளை பெற்று ஐந்தும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கின்றன. மலையில் ஒரு ஜீவனையும் ‘நீங்க’ என்று கூப்பிடாதவள். கலெக்டர் வந்தாலும் “வாய்யா, உக்காரு” தான்.

விஷயம் இதுதான். நதியாவுக்கு முன்னால் வெள்ளையம்மாளுக்கு மூன்று குழந்தைகள். மூன்றும் ஒரு வயசு தாண்டவில்லை. நதியா பிறந்ததும் அவளை மங்கம்மாளிடம் தவிட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளை தங்காத வீட்டில் பிறந்த குழந்தையை, பிள்ளைகள் தங்கிய வீட்டுக்காரி ஒரு படி தவிடு கொடுத்து வாங்கிக்கொள்வாள். ‘இனிமே இது என் புள்ள, எனக்காக நீ வளர்த்துக் குடு’ என்று சொல்லி அதே கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவாள். சாவு வந்து தேடினாலும் அந்த வீட்டில் இருப்பது அடுத்த வீட்டுப் பிள்ளை. பிள்ளைக்குக் கல்யாணம் ஆகும் நாளில் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்வார்கள். எங்கள் ஊர்ப் பக்கமும் இந்த வழக்கம் உண்டு. என் சித்தப்பா ஒருவர் தவிட்டுக்குப் போனவர்தான். ஆனால் எங்கள் ஊரில் அது பேச்சோடு சரி. ரேஷன் கார்டில் ஏறாது.

இங்கே ஏறிவிட்டது. வீட்டிலேயே பிறந்த குழந்தைக்குக் குறிப்பெடுக்க நர்ஸ் வந்தபோது, “தாய் பேரு?” என்று கேட்டிருக்கிறாள். “மங்கம்மா.” “தகப்பன் பேரு?” “சக்கரவர்த்தி.” பச்சை உடம்புக்காரி பாயில் படுத்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள், அந்த நர்ஸும் நிமிர்ந்து பார்க்காமல் எழுதியிருக்கிறாள். பிறப்புச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், மாற்றுத்திறனாளி அட்டை, ஒன்றைப் பார்த்து ஒன்று, எல்லாவற்றிலும் நதியா மங்கம்மாளின் ஆறாவது பிள்ளை. பெற்றவளைச் ‘சித்தி’ என்று கூப்பிடப் பழக்கியிருந்தார்கள். நதியாவுக்கு அது “த்தி” என்று வரும்.

போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். போன தை மாதம் நதியா வயதுக்கு வந்தாள். மாசி மாதம் அந்த ஒரே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு பஸ் என்றால் உயிர். கண்டக்டர் யாரோடோ வந்த பிள்ளை என்று விட்டுவிட்டார். போளூர் பஸ் நிலையத்தில் இருட்டும் நேரத்தில் ஒரு பூக்காரி பிடித்து வைத்துப் போலீசுக்குச் சொன்னாள். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால்?

அதற்குப் பிறகு நான் போனபோது நதியாவின் இடுப்பில் பழைய புடவை. புடவையின் மறுமுனை பலா மரத்தில். வெள்ளையம்மாள் காட்டில் களை பறித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாக்கா இது? மாடா, மனுஷியா?” என்று கத்தினேன்.

“கட்டலன்னா பஸ் ஏறிடுதுங்க.”

“நாள் பூரா இப்பிடியேவா?”

“மத்தியானம் வந்து அவுத்துவுட்டு, சோறு ஊட்டிட்டுத்தாங்க போறேன்.”

நதியாவின் இடுப்பில் புடவை முடிச்சு அழுத்திய இடம் கன்றிப்போயிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். இந்தப் பெண்ணுக்குத் தங்கிப் படிக்கிற ஓர் இடம் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை என்று அங்கேயே நின்று சொன்னேன். “சரிங்க டீச்சர்,” என்றாள்.

தேட ஆரம்பித்தேன். ஆண் பிள்ளைகளுக்குத்தான் இடம் என்றார்கள் ஒரு விடுதியில். பத்து வயதுக்குள் இருக்க வேண்டும் என்றார்கள் இன்னொன்றில். வேறொருவர், பிள்ளை தானாகவே எல்லா வேலையும் செய்துகொள்வாளா என்று கேட்டார். தானாகவே எல்லாம் செய்துகொள்கிற பிள்ளையை நான் எதற்கு ஐயா உங்களிடம் கொண்டுவருகிறேன்! ஓர் இடத்தில் போன் போட்டால் சாமிப் பாட்டு மட்டும் கேட்கும், ஒன்பது நாள் கேட்டேன், பாட்டு மனப்பாடம் ஆகிவிட்டது. கடைசியில் போளூர் தாண்டி ஓர் அறக்கட்டளை நடத்தும் பெண்கள் விடுதி கிடைத்தது. உள்ளேயே சிறப்புப் பள்ளி. காப்பாளர் கீதாஞ்சலி என்கிற பெண்மணி, கறாரானவர், ஆனால் நியாயமானவர். ஒரே ஓர் இடம் இருந்தது. ஜூலை முடியும்வரை வைத்திருப்பேன், அதற்குமேல் காத்திருக்கும் அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். ஒரு நிபந்தனை. புது இடத்தில் பிள்ளை பழகும்வரை முதல் பத்து நாள் தாய் கூடவே தங்க வேண்டும். அடையாள அட்டையில் உள்ள தாய்.

அட்டையில் உள்ள தாய் மங்கம்மாள். நதியா தூங்குவதும் தின்பதும் வெள்ளையம்மாள் கையில். நான் என்ன செய்திருக்க வேண்டும்? வாயை மூடிக்கொண்டு மங்கம்மாளை அனுப்பியிருக்கலாம். நான்தான் பெரிய நீதிமானாயிற்றே. நாளைக்கு ஆஸ்பத்திரியில் கையெழுத்து என்றால், பார்க்க வருவது என்றால், பெற்றவளுக்கு உரிமை வேண்டாமா, காகிதத்தைச் சரிசெய்துவிடலாம் என்று மங்கம்மாளையும் இழுத்துக்கொண்டு பிறப்புப் பதிவைத் திருத்தும் அலுவலகத்துக்குப் போனேன். உள்ளதை உள்ளபடியே சொன்னேன். அதுதான் நான் செய்த பைத்தியக்காரத்தனம்.

அலுவலர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “அதாவது, குழந்தையை வித்துட்டாங்க.”

“விக்கல சார். சாங்கியம் சார் அது.”

“கைமாறு ஏதாவது வாங்கினாங்களா இல்லையா?”

“தவிடு சார்.”

“எவ்வளவு?”

“ஒரு படி.”

அதையும் எழுதிக்கொண்டார். ஒரு படி தவிடு என்று. பிறகு, இது குழந்தை விற்பனைக் குற்றத்தில் வரும், மேலே எழுத வேண்டியிருக்கும், இத்தனை வருஷம் தெரிந்தும் சொல்லாத உங்கள் பேரும் அதில் வரும் என்றார். மங்கம்மாள் மேஜை மேல் கையை ஊன்றி எழுந்துவிட்டாள்.

“யோவ், இன்னாய்யா பேசற நீ? ஒரு படி தவுட்டுக்கு எவனாச்சும் புள்ளய விப்பானா? உங்க வூட்டுல விப்பீங்களா?”

அவளை இழுத்து உட்கார வைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. ஆனாலும் அந்தச் சத்தம் வேலை செய்தது. பெற்றவளே நேரில் வந்து, ‘இது நான் பெற்ற பிள்ளை’ என்று தன் வாயால் சொல்லி வாக்குமூலம் கொடுக்கட்டும், மேலே அனுப்பிப் பெயரை மாற்றப் பார்க்கலாம் என்று அலுவலர் இறங்கி வந்தார். அதற்கு ஒரு தேதி. அந்தத் தேதியில் அவர் விடுப்பு. அடுத்த தேதியில் கூட்டம். அதற்கடுத்ததில் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் வெள்ளையம்மாள் ஒரு நாள் கூலி வேலையை விட்டுவிட்டு, மகளை மங்கம்மாள் வீட்டில் விட்டுவிட்டு, என்னோடு வந்தாள். ஒவ்வொரு முறையும் வழியெல்லாம் நான் சொல்லிக்கொடுத்தேன்.

“நதியா யாரு பொண்ணுன்னு கேப்பாரு. எம்பொண்ணுன்னு சொல்லணும். அவ்ளோதான். சொல்வீங்களா?”

“சரிங்க டீச்சர்.”

நாலாவது முறை அலுவலர் இருந்தார். கம்ப்யூட்டரும் இருந்தது. கரண்டும் இருந்தது. எனக்கே நம்ப முடியவில்லை.

“ஏம்மா, நதியாங்கறது யாரோட பொண்ணு?” என்று கேட்டார்.

வெள்ளையம்மாள் தலையைக் குனிந்தாள்.

“மங்கம்மா பொண்ணுங்க.”

அலுவலர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். “யக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, உங்களத்தான் கேக்கறாரு,” என்றேன். மறுபடியும் அதையேதான் சொன்னாள், இன்னும் கொஞ்சம் சத்தமாக. கோப்பை மூடிவிட்டார்கள்.

பஸ் நிறுத்தம்வரை நான் பேசவில்லை. பேசினால் நாலு பேர் பார்க்கிற மாதிரி ஆகிவிடும் என்று பயம். டீக்கடைப் பலகையில் உட்கார்ந்ததும் அடக்க முடியவில்லை.

“வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? நாலு தரம் அலைஞ்சு, என் முட்டி தேஞ்சு, ஒரு வார்த்தை! எம்பொண்ணுன்னு ஒரே ஒரு வார்த்தை! சொன்னா நாக்கு அழுகிடுமா? படிச்சுப் படிச்சு சொன்னனே, தலைய தலைய ஆட்டினீங்களே!”

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் குடிக்கவில்லை.

“மொத புள்ளய எம்புள்ளன்னேன். போச்சுங்க. ரெண்டாவத எம்புள்ளன்னேன். அதுவும் போச்சு. மூணாவது பையங்க. ஊரெல்லாம் எம்புள்ள எம்புள்ளன்னு தூக்கிக் காட்டினேன். பதினோரு மாசம். நடக்க ஆரம்பிச்சதுங்க.” டீ டம்ளரைத் தள்ளி வைத்தாள். “இத்த மட்டும் ஒரு தபா கூடச் சொல்லல. மனசுக்குள்ளகூடச் சொல்லலங்க டீச்சர்.”

“அதெல்லாம் அப்போ ஆஸ்பத்திரி இல்ல, தடுப்பூசி இல்ல...” என்று ஆரம்பித்தேன்.

“தெரியுங்க. நீங்க சொல்றது நெசமாத்தான் இருக்கும். ஆனா தப்பாப் போச்சின்னா, போறது என்து இல்லீங்களா?”

எனக்கு பி.எட். உண்டு, சிறப்புக் கல்வியில் டிப்ளமா உண்டு, அரசாங்கம் கொடுத்த பயிற்சிச் சான்றிதழ் பதினேழு உண்டு. இந்தக் கேள்வியை எதிலும் யாரும் கேட்டதில்லை. டீக்கு நான்தான் காசு கொடுத்தேன், அவளைத் திட்டிக்கொண்டேதான் கொடுத்தேன்.

ஜூலை முடிய ஒரு வாரம் இருந்தது. மங்கம்மாள்தான் முடிவு கட்டினாள். “விடு டீச்சரு. காயிதத்துல நான்தான அம்மா? நானே போய் பத்து நாளு குந்திக்கினு வர்றேன். ஆட்டப் பாத்துக்க ஆளு கீது.” விண்ணப்பத்தில் அந்தப் பதினான்காவது கட்டத்தில் மங்கம்மாள் பெயரை எழுதினேன். இதை முதல் நாளே எழுதியிருந்தால் என் முழங்காலாவது மிஞ்சியிருக்கும்.

சேர்த்துவிட்டு வந்த மூன்றாம் நாள் காலை கீதாஞ்சலி போன் செய்தார். நதியா வந்ததிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. தண்ணீர் மட்டும் குடிக்கிறாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், “த்தி, த்தி” என்கிறாள். “அந்தம்மா ஊட்டினா துப்பறா. பெத்த தாய் கையில சாப்பிடாத பிள்ளைய நான் பார்த்ததே இல்ல. இன்னிக்கும் சாப்பிடலன்னா டாக்டர்கிட்ட காட்டி வீட்டுக்கு அனுப்பறதத் தவிர எனக்கு வழி இல்ல, டீச்சர்.”

நான் ஜீப் பிடித்து, களைக்கொத்தோடு நின்ற வெள்ளையம்மாளை அப்படியே ஏற்றிக்கொண்டு இறங்கினேன். மலைப்பாதை முழுக்க அவள் களைக்கொத்தை மடியிலேயே வைத்திருந்தாள். விடுதி வாசலில் கீதாஞ்சலியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“பொம்பளப் பிள்ளைங்க தங்கற இடம். சித்தி, அத்தைன்னு யாரையும் உள்ள தங்க விட மாட்டேன், அது எல்லாருக்கும் ஒரே சட்டம். பெத்தவங்கன்னா விடறேன். இவங்க தன் வாயால சொல்லட்டும், அந்தம்மா சாட்சிக் கையெழுத்து போடட்டும். பேப்பர்ல பேர அப்புறம் மாத்திக்கலாம், அதுக்கு நானே எழுதித் தரேன்.”

உள்ளேயிருந்து “த்தி” என்று சத்தம் வந்தது. தொண்டை கட்டிப்போன சத்தம். வெள்ளையம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க சொல்லுங்க டீச்சர்.”

“நானா பெத்தேன்?” என்று எரிந்து விழுந்தேன். “அங்க புள்ள மூணு நாளா பட்டினி கெடக்குது. நீங்க சொல்லாம இருந்தாலும் அது சாகத்தான் போகுது.” சொல்லக்கூடாத வார்த்தை. வாயிலிருந்து விழுந்த பிறகுதான் உறைத்தது. அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

சத்தம் கேட்டு மங்கம்மாள் வெளியே வந்தாள். மூன்று நாளில் அவளும் இளைத்திருந்தாள். நடந்ததைக் கேட்டாள், இடுப்பில் கையை வைத்தாள்.

“ஏண்டி வெள்ள, புள்ளயத் திருப்பி வாங்கிக்கடி.”

“கல்யாணத்துக்குத்தானக்கா திருப்பறது?”

“அதுக்கு எந்தக் காலத்துலடி கல்யாணம்? எவன் கட்டிப்பான்? அந்த நாளு வர்ற வரிக்கும் குந்திக்கினு இருந்தா, நானும் செத்துடுவேன், நீயும் செத்துடுவ.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “கல்யாணம்னா இன்னா? பொறந்த வூட்ட வுட்டு வேற வூட்டுக்குப் போறது. இதோ வந்துடுச்சி. இதான் அதுக்குக் கல்யாணம். தவுட்டத் திருப்பிக் குடுத்துட்டு, புள்ளய வாங்கிக்கினு போ.”

வெள்ளையம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை மாதத்தில் அவள் முகத்தில் முதல் தடவையாக ஏதோ யோசனை ஓடியதைக் கண்டேன். “தவுடு ஏதுக்கா இங்க?” என்றாள்.

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தலையில் அடித்துக்கொண்டு கிளம்பினேன். விடுதிச் சமையற்கட்டில் கேட்டால், பாக்கெட் அரிசி வாங்குகிற இடத்தில் தவிடு எப்படி இருக்கும் என்று சிரித்தார்கள். உச்சி வெயிலில் ஒரு ரைஸ் மில்லைத் தேடிப் போனேன், பூட்டு தொங்கியது. கடைசியில் ஒரு மாட்டுத் தீவனக் கடை. “ஒரு படி தவிடு குடுங்க” என்றேன். கடைக்காரர், “படியா? மூட்டைதாம்மா” என்றார். கெஞ்சினேன். மூட்டையைப் பிரித்தால் மிச்சத்தை யார் வாங்குவார்கள் என்றார். எத்தனை மாடு வைத்திருக்கிறீர்கள் என்று வேறு கேட்டார். இரண்டு மாடு என்றேன், அப்போதைய கோபத்தில். ஒரு மூட்டைத் தவிட்டை ஷேர் ஆட்டோவில் ஏற்றி, அதன் மேலேயே உட்கார்ந்து, விடுதி வாசலில் வந்து இறங்கினேன். காவலாளி மூட்டையை உள்ளே விட மாட்டேன் என்றார். மங்கம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள், விட்டுவிட்டார்.

வெள்ளையம்மாள் மூட்டை வாயைப் பிரித்து ஒரு கை அள்ளினாள். அவள் முகம் வாடிவிட்டது.

“யக்கா, இது நெல்லுத் தவுடு. நீ குடுத்தது சாமைத் தவுடாச்சே.”

எனக்கு அந்த மூட்டையை அவள் தலையிலேயே கவிழ்த்துவிடலாமா என்றிருந்தது. நல்லவேளையாக மங்கம்மாள் முந்திக்கொண்டாள். “வாங்கிக்கிறவ நானு. நான் ஒத்துக்கினேன். நீ அளடி.”

சமையற்கட்டிலிருந்து எவர்சில்வர் சொம்பு ஒன்று வாங்கி, அதனால் அளந்தாள். மங்கம்மாள் முந்தானையை விரித்துப் பிடித்தாள். படிக்குக் குறைந்துவிடக் கூடாது என்று ஒரு சொம்பு கூடவே போட்டாள் வெள்ளையம்மாள். மங்கம்மாள் உள்ளே போய் நதியாவின் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். அந்தக் கையை எடுத்து வெள்ளையம்மாள் கையில் வைத்தாள். “எம்புள்ளயா இருந்துச்சி, இனிமே உம்புள்ள,” என்றாள். எந்நேரமும் கத்திக்கொண்டே இருப்பவள் அதை மெல்லத்தான் சொன்னாள். கீதாஞ்சலி கையில் பேனாவோடு, இதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்று தெரியாமல் நின்றார்.

வெள்ளையம்மாள் அவரைப் பார்த்துச் சொன்னாள். “இது நான் பெத்த பொண்ணுங்க.” சொல்லிவிட்டு உடனே மகள் முகத்தைப் பார்த்தாள், ஏதாவது ஆகிறதா என்று பார்ப்பது போல. நதியாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து, சிந்திய தவிட்டை விரலால் தொட்டுக்கொண்டிருந்தாள். கட்டிப்பிடிக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. சோற்றுத் தட்டு வந்ததும் அதை வெள்ளையம்மாள் பக்கம் தள்ளிவிட்டு வாயைத் திறந்தாள். இரண்டு தட்டுச் சோறு போயிற்று.

வெள்ளையம்மாள் பத்து நாள் தங்கினாள். மீதித் தவிட்டை விடுதிக்குப் பால் ஊற்றுகிறவர் எடுத்துக்கொண்டு போனார். நதியா இப்போது தானே பல் தேய்க்கிறாள். மணி அடித்தால் வரிசையில் போய் நிற்கிறாள். சனிக்கிழமை விடுதி வேனில் ஒரு சுற்று கூட்டிப் போகிறார்கள், அதற்காகவே வாரம் முழுவதும் சொன்ன பேச்சைக் கேட்கிறாளாம். பலா மரத்துப் புடவை தேவைப்படவில்லை. பெயர் மாற்றும் கோப்பு மட்டும் எங்கேயோ ஒரு மேஜையில் இன்னும் தூங்குகிறது. அதை எழுப்ப மாதம் ஒரு முறை போய்க் கத்திவிட்டு வருகிறேன்.

இவ்வளவு நடந்த பிறகாவது வெள்ளையம்மாள் நிம்மதியாக இருப்பாள் என்று நினைத்தேன். எங்கே! அவள் ஊரில் சிக்னல் கிடையாது. வாரா வாரம் ஜமுனாமரத்தூர் சந்தைக்கு வருகிறபோது எனக்குப் போன் செய்வாள். விடுதிக்குச் செய்ய மாட்டாள், எனக்குத்தான். புள்ள என்ன கற்றுக்கொண்டது, எப்போது பார்க்க வரலாம், ஒன்றும் கேட்க மாட்டாள்.

“நல்லா மூச்சு வுடுதுங்களா டீச்சர்?”

“இன்னாக்கா கேள்வி இது! பென்சில் பிடிக்குது, கோடு போடுது. அத்தக் கேக்கக் கூடாதா?”

“சரிங்க டீச்சர். மூச்சு வுடுதில்ல?”

“வுடுது, வுடுது,” என்று எரிச்சலோடு வைத்துவிடுவேன்.

போன கார்த்திகையில் ஒரு நாள் கீதாஞ்சலி போன் செய்தார். நதியாவுக்கு லேசாகக் காய்ச்சல், மாத்திரை கொடுத்திருக்கிறோம், பயப்பட ஒன்றுமில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன் என்றார். நான் அப்போது புதூர்நாட்டுப் பக்கம் ஒரு கூட்டத்தில் இருந்தேன். பாதியில் எழுந்தேன். ஜீப், பஸ், இன்னொரு பஸ். மாலையில் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது கீதாஞ்சலி, “எதுக்கு டீச்சர் இவ்வளவு தூரம்? சளிக் காய்ச்சல்தான்,” என்றார். நதியா கட்டிலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். கழுத்தில் வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் சுத்தமாக இறங்கும்வரை எழுந்திருக்கவில்லை.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் வெள்ளையம்மாளை வாயைத் திறந்து சொல்ல வைத்தது நான். தப்பாகப் போனால் போவது அவளுடையது.

காய்ச்சல் வந்ததை நான் அவளிடம் இதுவரை சொல்லவில்லை. சந்தை நாளன்று காலையில் எழுந்ததும் முதலில் விடுதிக்குப் போன் போடுகிறேன். “நதியா எழுந்துட்டாளா?” என்று மட்டும் கேட்பேன். எழுந்துவிட்டாள் என்று அவர்கள் சொன்ன பிறகுதான் எனக்கு டீ இறங்குகிறது.